எஸ்பிஜி சட்டம்: ஐந்து திருத்தங்களும் அவை தொடாத இடமும்

கேள்வி இதுதான்: "2019-ல் எஸ்பிஜி சட்டத்தைத் திருத்தியதால்தானே சோனியா காந்தி குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு போனது? இந்தச் சட்டத்தை ஏன் இத்தனை முறை மாற்றுகிறார்கள்? மாற்றியதால் பாதுகாப்பு உண்மையில் மேம்பட்டதா?"

எஸ்பிஜி என்பது பிரதமரைப் பாதுகாக்கவே அமைந்த சிறப்புப் பாதுகாப்புக் குழு. முதல் பகுதிக்கு விடை: இல்லை. தேதிகளைப் பாருங்கள். சோனியா, ராகுல், பிரியங்கா மூவருக்கும் எஸ்பிஜி விலக்கப்பட்டு, சிஆர்பிஎஃப் வீரர்களைக் கொண்ட இசட் பிளஸ் பாதுகாப்பு தரப்பட்டது 2019 நவம்பர் 8. திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது நவம்பர் 25. அங்கே நிறைவேறியது 27, மாநிலங்களவையில் டிசம்பர் 3. ஆக, விலக்கல் நடந்தது பழைய சட்டத்தின்படிதான். அந்த அதிகாரம் 2003 முதலே மத்திய அரசின் கையில் இருந்தது. 2019 திருத்தம் செய்தது வேறு. நாளைக்கே அச்சுறுத்தல் பல மடங்கு ஆனாலும் எஸ்பிஜியைத் திரும்பத் தர வழியில்லாமல் கதவை அடைத்தது. செய்திகளில் இந்த இரண்டும் ஒன்றாகவே குழம்பின.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். கருப்பு உடையில் வரும் "கருப்புப் பூனைகள்" எஸ்பிஜி அல்ல. அவர்கள் என்எஸ்ஜி என்ற தேசியப் பாதுகாப்புப் படையினர். ஜெயலலிதாவைச் சுற்றித் தமிழ்நாடு பார்த்துப் பழகியது அவர்களைத்தான். எஸ்பிஜி எந்த முதல்வருக்கும் எந்த மத்திய அமைச்சருக்கும் கிடையாது. இசட் பிளஸ், இசட், ஒய், எக்ஸ் என்ற வகைகள் உள்துறை அமைச்சகத்தின் நிர்வாக முடிவுகள். அவற்றுக்குப் பின்னால் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. தனிச்சட்டத்தின் கீழ் பாதுகாப்பு பெறுபவர் என்றால் அது எஸ்பிஜி வளையத்துக்குள் இருப்பவர் மட்டுமே. பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இந்த வேறுபாடு.

1981-க்கு முன் பிரதமரின் வீட்டுப் பாதுகாப்பு டெல்லி போலீஸில் ஒரு துணை ஆணையரின் பொறுப்பு. அந்த ஆண்டு அக்டோபரில் உளவுத்துறை ஒரு சிறப்புப் பணிக்குழுவை அமைத்தது. 1984 அக்டோபர் 31 காலை, சப்தர்ஜங் சாலை வீட்டிலிருந்து பக்கத்து அக்பர் சாலை அலுவலகத்துக்கு நடந்து போன இந்திரா காந்தியை, வழியிலிருந்த சிறு கதவருகே காவலுக்கு நின்ற இருவரே சுட்டார்கள். வெளியிலிருந்து யாரும் வேலி தாண்டி வரவில்லை. ஆகவே அடுத்து வந்த பீர்பல் நாத் குழு, இதற்கென்றே ஒரு தனி அமைப்பு வேண்டும் என்று 1985 மார்ச்சில் பரிந்துரைத்தது. 819 பணியிடங்களோடு, கேபினட் செயலகத்தின் கீழ் அது உருவானது. 1985 ஏப்ரல் 8 அதன் தொடக்க நாள், எஸ். சுப்பிரமணியம் முதல் இயக்குநர். இன்றுவரை எஸ்பிஜிக்கு நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது. ஐபிஎஸ், சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப், ஐடிபிபி போன்றவற்றிலிருந்து அயல்பணியில்தான் ஆட்கள் வருகிறார்கள்.

மூன்று ஆண்டுகள் வெறும் அரசாணையிலேயே ஓடிய அமைப்புக்கு 1988-ல் ஏன் சட்டம் தேவைப்பட்டது? போலீஸ் என்பது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். டெல்லியிலிருந்து ஒரு குழு மதுரைக்கோ கவுகாத்திக்கோ போய், "இந்தச் சாலையை மூடுங்கள், இந்தக் கட்டடத்தை எங்களிடம் கொடுங்கள்" என்று சொல்ல எந்த அதிகாரமும் இல்லை, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். 1988-ம் ஆண்டின் 34-வது சட்டம் இதை மூன்று வழியில் சரிசெய்தது. எஸ்பிஜியை ஒன்றியத்தின் ஆயுதப்படை என்று அறிவித்தது. "நெருங்கிய பாதுகாப்பு" என்றால் என்ன என்று வரையறுத்தது. மத்திய, மாநில அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், ராணுவ அதிகாரிகள், வெளிநாட்டிலுள்ள இந்தியத் தூதரகங்கள் என அனைவரும் எஸ்பிஜி இயக்குநர் கேட்கும்போது உதவுவது கடமை என்று 14-வது பிரிவில் எழுதியது.

அந்த வரையறையைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். சாலை, ரயில், விமானம், படகு, நடை என எந்தப் பயணமானாலும், நிகழ்ச்சி நடக்கும் இடம், தங்கும் இடம் எல்லாவற்றிலும் மிக அருகிலிருந்து தரும் பாதுகாப்பு அது. பாதுகாக்கப்படுபவரைச் சுற்றி நகரும் வளையக் குழு, பிரித்துவைக்கும் காவல் வரிசை, யாரும் நுழையாத வெற்றிடம், மேடை, அவரை யார் நெருங்கலாம் என்ற கட்டுப்பாடு எல்லாம் இதில் அடங்கும். இதைத் தாண்டி இருக்கும் எதுவும், அதாவது போகும் பாதை, வழியிலுள்ள மொட்டைமாடிகள், கூட்டம், போராட்டக்காரர்கள் எல்லாம், மாநில போலீஸின் பொறுப்பு. விபத்து நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்.

நடைமுறையில் இது எப்படி ஓடுகிறது? பிரதமர் வருவதற்குச் சுமார் மூன்று நாள் முன்பே எஸ்பிஜியின் முன்னோட்டக் குழு வந்துவிடும். துறைக்குள் இதை ஏஎஸ்எல் என்பார்கள். மாவட்ட ஆட்சியர், எஸ்பி, உளவுத்துறை அதிகாரி, பொதுப்பணித்துறை, மின்வாரியம், தீயணைப்பு, சுகாதாரத் துறை எல்லோரையும் உட்காரவைத்து நிமிடம் நிமிடமாக நிகழ்ச்சி நிரலைப் பிரிப்பார்கள். மேடை எத்தனை பேரின் எடையைத் தாங்கும் என்று பொதுப்பணித்துறை எழுதித் தர வேண்டும். மின் இணைப்புக்கும் அதேபோல் சான்று. எந்த மருத்துவமனை, எவ்வளவு தூரம், அங்கே உரிய பிரிவு ரத்தம் இருக்கிறதா, ஹெலிபேடிலிருந்து முதன்மைப் பாதை எது, மாற்றுப் பாதை எது, நடுவழியில் நிற்க நேர்ந்தால் பாதுகாப்பாக இறங்க எந்தக் கட்டடம், மாலை போடப் போகிறவர்கள் யார் யார் என்று எல்லாம் எழுத்தில் வரும். கடைசியில் அந்தக் குறிப்பில் கலந்துகொண்ட துறைகள் கையெழுத்திடும். பிறகு வெடிபொருள் சோதனை, வாகன வரிசை ஒத்திகை. இந்த நடைமுறைகள் உள்துறை அமைச்சகத்தின் "நீலப் புத்தகம்" என்ற ரகசிய வழிகாட்டியில் இருக்கின்றன. மற்ற முக்கியப் பிரமுகர்களுக்கு இருப்பது "மஞ்சள் புத்தகம்".

கவனிக்க வேண்டியது: இந்த நடைமுறை எதுவும் சட்டத்தில் இல்லை. சட்டம் "உதவுங்கள்" என்கிறது. எதை, எப்போது, யார் செய்ய வேண்டும் என்பது ரகசிய வழிகாட்டியில். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது இரண்டிலும் தெளிவாக இல்லை.

இப்போது திருத்தங்களுக்கு வருவோம். 1988-ன் மூலச் சட்டம் பதவியிலிருக்கும் பிரதமரையும் அவருடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோரையும் மட்டுமே சேர்த்தது. 1989 டிசம்பரில் ராஜீவ் காந்தி பதவி இழந்தார், எஸ்பிஜியும் விலகியது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில், மாலை போட அனுமதி பெற்றோர் பட்டியலில் இல்லாத தனு, மாலையோடு அவரை நெருங்கிவிட்டார். யார் நெருங்கலாம் என்ற கட்டுப்பாடுதான் அங்கே உடைந்தது. எஸ்பிஜி இருந்திருந்தால் தடுத்திருக்குமா என்ற விவாதம் முடிவில்லாதது. ஆனால் ஒன்று சொல்லலாம்: தேர்தல் கூட்டத்தில் தலைவரே "விடுங்க, வரட்டும்" என்று கை காட்டும்போது, உள்ளூர் காவலரால் மறுப்பது கடினம். சட்ட அதிகாரத்தோடு அதற்கென்றே பயிற்சி பெற்று நிற்பவருக்கு அது கொஞ்சம் எளிது. பாதுகாப்புக் குறைகளை விசாரித்த நீதிபதி ஜே.எஸ். வர்மா கமிஷன், எஸ்பிஜிக்கு ஈடான மாற்று ஏற்பாடு ராஜீவுக்குச் செய்யப்படவில்லை என்பதைக் குறையாகச் சுட்டியது.

அதே 1991-ல் முதல் திருத்தம் வந்தது: முன்னாள் பிரதமருக்கும் குடும்பத்துக்கும் ஐந்து ஆண்டு. 1994-ல் அது பத்து ஆண்டானது. 1999-ல் மேலும் ஒரு திருத்தம். 2003-ல் வாஜ்பாய் அரசு போக்கையே மாற்றியது. பதவி போன நாளிலிருந்து ஓராண்டு மட்டும் தானாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு அச்சுறுத்தல் தீவிரமானதாகவும் தொடர்வதாகவும் இருந்தால் நீட்டிக்கலாம். இரண்டு மதிப்பீடுகளுக்கு இடையே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. இதன் கீழ்தான் வாஜ்பாய்க்கே 2018-ல் இறக்கும்வரை எஸ்பிஜி இருந்தது. மன்மோகன் சிங்குக்கு 2014 முதல் 2019 ஆகஸ்ட் வரை தொடர்ந்ததும் இதன்படியே.

என் பார்வையில் ஐந்து திருத்தங்களில் கருத்தளவில் சரியானது 2003-ம் ஆண்டுடையதுதான். அது பதவியைப் பார்க்காமல் ஆபத்தைப் பார்த்தது. அதிலும் ஒரு ஓட்டை இருந்தது: மதிப்பீடு செய்வதும் மத்திய அரசு, முடிவெடுப்பதும் மத்திய அரசு. காரணத்தை வெளியே சொல்லத் தேவையில்லை. ஆட்சி மாறும்போது மதிப்பீடும் மாறினால், அது ஆபத்து குறைந்ததாலா அரசியலாலா என்று வெளியில் இருக்கும் எவராலும் சரிபார்க்க முடியாது.

2019 திருத்தம் அந்த ஓட்டையை அடைப்பதற்குப் பதிலாக மதிப்பீட்டையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. இப்போதைய நிலை: பிரதமருக்கும், அவரது அதிகாரபூர்வ இல்லத்தில் அவருடன் வசிக்கும் நெருங்கிய குடும்பத்தினருக்கும் எஸ்பிஜி உண்டு; முன்னாள் பிரதமருக்கும், அரசு ஒதுக்கிய வீட்டில் அவருடன் வசிக்கும் குடும்பத்துக்கும் பதவி போன நாளிலிருந்து ஐந்து ஆண்டு மட்டும். முன்னாள் பிரதமருக்கு விலகினால் குடும்பத்துக்கும் விலகும். "உடன் வசிக்கும்" என்ற சொல்தான் இதில் பெரிய கத்தரி. பிரதமரின் மகள் திருமணமாகி வேறு ஊரில் இருந்தாலோ, பெற்றோர் சொந்த ஊரில் இருந்தாலோ அவர்கள் வட்டத்துக்கு வெளியே. கடத்தலோ மிரட்டலோ செய்ய நினைப்பவனுக்கு அவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது ஒரு பொருட்டா?

சட்டத்தை அதன் மூல நோக்கத்துக்கே திருப்புகிறோம் என்பதும், எஸ்பிஜியை அந்தஸ்துச் சின்னமாக்கக் கூடாது என்பதும் உள்துறை அமைச்சர் அமித் ஷா அவையில் வைத்த வாதம். முந்தைய நான்கு திருத்தங்களும்தான் ஒரு குடும்பத்தை மனதில் வைத்து வந்தவை என்றும் அவர் சொன்னார். காங்கிரஸ் வெளிநடப்பு செய்தது. அந்தஸ்து பற்றிய வாதத்தில் உண்மை இருக்கிறது. டெல்லியில் பாதுகாப்பு வகை என்பது பல வருடங்களாக விசிட்டிங் கார்டு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஐந்து ஆண்டு என்ற எண்ணுக்கு என்ன அடிப்படை? ஆபத்தே இல்லாத முன்னாள் பிரதமருக்கு அது வீண் செலவு. பெரிய ராணுவ முடிவோ தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையோ எடுத்தவருக்கு ஆறாம் ஆண்டு எதிரிகள் மறந்துவிடுவார்கள் என்று எண்ணுவது நாள்காட்டியை நம்புவது.

"இசட் பிளஸும் பெரிய பாதுகாப்புதானே" என்று கேட்கலாம். ஆள் எண்ணிக்கையில் குறைவில்லை. சிஆர்பிஎஃப் திறமையான படை. வேறுபாடு சட்டத்தில். இசட் பிளஸில் இருப்பவருக்காக ஒரு மாநில அரசு ஒத்துழைக்காவிட்டால் 14-வது பிரிவைக் காட்ட முடியாது. எஸ்பிஜி சட்டத்தின்படி இந்தியத் தூதரகங்களும் உதவக் கடமைப்பட்டவை. நிர்வாக உத்தரவில் வரும் பாதுகாப்புக்கு அப்படி ஒரு சட்டப் பிடிமானம் இல்லை.

செலவு மிச்சம் என்ற வாதமும் அவ்வளவு நேரானது அல்ல. 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் எஸ்பிஜி வளையத்தில் இருந்தார்கள். ஆண்டு முடிவில் ஒருவர். 2019-20 பட்ஜெட்டில் சுமார் 540 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு, ஒருவருக்கு மட்டும் என்றான பிறகு, ஏறக்குறைய 592 கோடி. பிறகு குறைந்து 2023-24-ல் 433 கோடி அளவில் நின்றது. ஆள் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக் கேலி செய்வது சமூக ஊடகத்துக்குச் சரி. உண்மையில் வாகனம், தொழில்நுட்பம், பயிற்சி, சுமார் மூவாயிரம் பணியாளர்களின் சம்பளம் என்ற அடிப்படைச் செலவு, பாதுகாக்கப்படுபவர் ஒருவரானாலும் ஐவரானாலும் அதே விகிதத்தில் ஏறி இறங்காது.

பதவியை அளவுகோலாக வைப்பதன் இன்னொரு விளைவு 2013-ல் தெரிந்தது. அக்டோபர் 27, பாட்னா காந்தி மைதானம். பிரதமர் வேட்பாளரான நரேந்திர மோடி பேசவிருந்த கூட்டத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. எஸ்பிஜி தர வேண்டும் என்று பாஜக கேட்டது. சட்டத்தில் இடமில்லை என்றது அன்றைய அரசு. உண்மைதான், இடமில்லை, குஜராத் முதல்வரான அவருக்கு என்எஸ்ஜியோடு கூடுதல் ஏற்பாடுகள்தான் தர முடிந்தது. ஆறு ஆண்டு கழித்துச் சட்டத்தைத் திறந்தபோது, அதே கட்சியின் அரசு இந்த இடத்தைத் தொடவில்லை. அமெரிக்காவில் 1968-ல் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டதிலிருந்து முக்கிய அதிபர் வேட்பாளர்களுக்கும் சீக்ரெட் சர்வீஸ் பாதுகாப்பு உண்டு.

அந்த நாட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், ஏனென்றால் இதே ஊசலாட்டம் அங்கேயும் நடந்தது. முன்னாள் அதிபர்களுக்கு வாழ்நாள் பாதுகாப்பு இருந்தது. 1997-க்குப் பிறகு பதவியேற்பவர்களுக்குப் பத்தாண்டு போதும் என்று 1994-ல் சட்டம் போட்டார்கள். அந்த வரம்பு முதன்முதலாக ஒருவரை, ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷை, தொடுவதற்கு முன்பே 2013 ஜனவரியில் மீண்டும் வாழ்நாள் பாதுகாப்பாக்கிவிட்டார்கள். 2024 ஜூலை 13 பட்லர் நகரில் டிரம்ப் சுடப்பட்டபோது, சுட்டவன் இருந்தது பாதுகாப்பு எல்லைக்கு வெளியே, உள்ளூர் போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டடத்தின் கூரையில். அதே உள்வளைய, வெளிவளையச் சிக்கல். இயக்குநர் பத்து நாளில் பதவி விலகினார். பிரதிநிதிகள் சபை 405-க்கு 0 என்று நிறைவேற்றிய சட்டம் அக்டோபர் 1 அன்று கையெழுத்தானது. அதிபர், துணை அதிபர், முக்கிய வேட்பாளர்கள் ஆகியோருக்கு எத்தனை பேர் என்பதைத் தீர்மானிக்க ஒரே அளவுகோல் என்றது அது. பாதுகாப்பை மறுஆய்வு செய்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தது. நம் சட்டத்தில் விதிகளை அவையில் வைக்க வேண்டும். அதற்கு மேல் எஸ்பிஜி நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்லும் ஏற்பாடு இல்லை. தகவல் உரிமைச் சட்டத்திலும் எஸ்பிஜி விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் தொடர்பான தகவலை மட்டுமே கேட்கலாம்.

2023 மே மாதம் வந்த புதிய விதிகளையும் சொல்ல வேண்டும். இயக்குநர் ஐபிஎஸ் அதிகாரியாகவும், கூடுதல் டிஜிபிக்கு இணையான நிலைக்குக் குறையாதவராகவும் இருக்க வேண்டும். அதற்குக் கீழுள்ள பணியாளர்களுக்கு அயல்பணி முதலில் ஆறு ஆண்டு; இரண்டாவது முறை எடுப்பதானால் காரணத்தை எழுதி மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும். சிறிய மாற்றம்போலத் தெரியும். ஆனால் ஒரு மாநில டிஜிபியிடம் பேச வேண்டிய இயக்குநர் எந்தப் படிநிலையில் இருக்கிறார் என்பது போலீஸ் உலகில் நிறையத் தீர்மானிக்கும்.

திருத்தங்கள் எதுவும் தொடாத இடம் எது என்பதைப் பஞ்சாப் காட்டியது. 2022 ஜனவரி 5. பிரதமர் பதிண்டாவில் இறங்கி, ஹெலிகாப்டரில் ஹுசைனிவாலா போவதாகத் திட்டம். வானிலை சரியில்லை, சாலை வழி என்று மாறியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம். ஃபிரோஸ்பூர் மாவட்டத்தில் ஒரு மேம்பாலத்தில், போராட்டக்காரர்கள் சாலையை மறித்ததால் வாகன வரிசை 15 முதல் 20 நிமிடம் நின்றது. மேம்பாலம் என்பது நிற்கவே கூடாத இடம்: இரு பக்கமும் தடுப்புச் சுவர், இறங்க வழியில்லை. மாற்றுப் பாதையைக் காகிதத்தில் எழுதினால் போதாது, கடைசி நிமிடம்வரை ஆளைப் போட்டு வைத்திருக்க வேண்டும் என்பது ஏஎஸ்எல் குறிப்பின் அரிச்சுவடி.

மத்திய அரசு 14-வது பிரிவைக் காட்டி அதிகாரிக்கு விளக்கம் கேட்டது. மாநிலம் தனியாக ஒரு குழு அமைத்தது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் நிறுத்தி, ஓய்வுபெற்ற நீதிபதி இந்து மல்ஹோத்ரா தலைமையில் ஐவர் குழுவை நியமித்தது. இரண்டு மணி நேரம் முன்பே தகவல் கிடைத்தும், போதிய ஆட்கள் இருந்தும், மாவட்ட மூத்த எஸ்பி கடமையைச் செய்யவில்லை என்று அந்தக் குழு கண்டதை ஆகஸ்டில் நீதிமன்றம் சொன்னது. அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டது 2023 நவம்பரில். சம்பவம் நடந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு. சாலையை மறித்த அடையாளம் தெரியாத 150 பேர் மீது உள்ளூர் போலீஸ் முதலில் போட்ட வழக்கு எது தெரியுமா? இந்திய தண்டனைச் சட்டம் 283, பொதுவழியில் இடையூறு. அதிகபட்சத் தண்டனை 200 ரூபாய் அபராதம். இப்போதைய நியாய சன்ஹிதாவில் அதே குற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை. அமெரிக்காவில் சீக்ரெட் சர்வீஸ் தடைசெய்த எல்லைக்குள் தெரிந்தே நுழைவதே தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை. ஆயுதத்தோடு என்றால் பத்தாண்டு வரை.

போராடுபவரைச் சிறையில் தள்ளும் பிரிவு வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அப்படி ஒன்று எழுதினால் அது முதலில் கருப்புக்கொடி காட்டுபவர் மேல்தான் பாயும். தேவைப்படுவது 14-வது பிரிவுக்குள். ஏஎஸ்எல் குறிப்பில் கையெழுத்திட்ட அதிகாரியின் கடமைக்குச் சட்டத் தகுதி. அதை மீறினால் விசாரிப்பது மத்திய அரசா மாநில அரசா என்ற சண்டைக்கு இடமில்லாமல், யார், எத்தனை நாளில் விசாரிப்பது என்ற விதி. அதோடு, 2003-ன் ஆண்டு மதிப்பீட்டைத் திரும்பக் கொண்டுவந்து, அதைச் செய்யும் குழுவில் ஆளும் தரப்புக்கு வெளியிலிருந்தும் ஒருவர். சிபிஐ இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எதிர்க்கட்சித் தலைவரும் தலைமை நீதிபதியும் இருக்கிறார்கள். அந்த வடிவம் இங்கே புதிது ஒன்றும் அல்ல. இவை மூன்றையும் சேர்க்க சட்டத்தில் ஒரு பக்கம் போதும்.